ஓரவஞ்சனை அடுப்பு

கேள்வி: ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோழிக்கறியை மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் வெந்துவிடுகிறது, நடுவில் கல்லாகவே கிடக்கிறது. அடுப்பு ஓரவஞ்சனை செய்கிறதோ?

பதில்: செய்கிறது. ஆனால் குற்றவாளி அடுப்பல்ல, தண்ணீர்!

மைக்ரோவேவ் அலைகள் நீர் மூலக்கூறுகளை ஆட்டிவைத்துத்தான் சூடேற்றுகின்றன. பனிக்கட்டியில் அவை கைகோத்து இறுகி நிற்பதால் அலைகளுக்கு எளிதில் மசிவதில்லை. ஓரத்தில் கொஞ்சம் உருகிவிட்டாலோ, அந்த நீர் பனிக்கட்டியைவிடப் பல மடங்கு ஆற்றலை உறிஞ்சும். சூடான இடமே மேலும் சூடாகும். பணம் பணத்தோடு சேருகிற கதைதான். போதாக்குறைக்கு, அலைகள் கறிக்குள் போவதே சில சென்டிமீட்டர்.

இதற்காகத்தான் டிஃப்ராஸ்ட் பொத்தான். பெரும்பாலான அடுப்புகளில் அதை அழுத்தினால், அலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரான் விட்டு விட்டு இயங்கும். அது ஓய்வெடுக்கும் நேரத்தில் ஓரத்துச் சூடு நடுவுக்குப் பரவும். ஆக, காசு கொடுத்து வாங்கிய அவசரக் கருவியில் பொறுமைக்கென்று தனிப் பொத்தான்!

1947இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மைக்ரோவேவ் அடுப்பு சுமார் 340 கிலோ எடை, ஏறக்குறைய ஆள் உயரம். இன்று அது சமையல் மேடையில் அடங்கிவிட்டது; தண்ணீரின் குணம்தான் மாறவில்லை.

எனவே, கறியைச் சிறு துண்டுகளாக, தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். உருக்கும்போது பாதியில் திருப்பிப் போடுங்கள். உருகியதும் உடனே சமைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான ஓரங்களில் பாக்டீரியா வேகமாகப் பெருகும்.