பல்லு மேல பழியப் போடு

ஏ தாயி, மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்காத. ஒம் மகன் பால் குடிக்க மாட்டேங்கிறான், அம்புட்டுத்தானே? ராமேசுவரத்துக்காரன் பிள்ளை ஸ்ட்ரைக் பண்ணாம வேற என்ன பண்ணும்? நம்ம ஆளுகளை இலங்கை நேவி பிடிச்சுக்கிட்டுப் போனா, மறுநாளே போட்டெல்லாம் துறைமுகத்துல வரிசையா நிக்கிதா இல்லையா? இவனுக்கு ஈறு வலி, வாயைச் சாத்திட்டான். கோரிக்கை என்னன்னு ஒரு ஆளு கேக்கலை. ஆளுக்கொரு கிண்ணத்தோட சுத்தி வளைச்சா அவன் எப்படிப் பேச்சுவார்த்தைக்கு வருவான்?

விடிஞ்சதுல இருந்து திண்ணையில உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒம் மாமியா, பால்ல சூடு ஏறிப்போச்சுங்கிறாக. பக்கத்து வீட்டுக்காரி, கண்ணு பட்டுருச்சுங்கிறா. பட்டிருந்தா அவ கண்ணுதான், வேற யாரு தினம் மூணு வேளையும் வந்து உத்துப் பாக்குறா? மாப்பிள்ளை கதை தனிக்கதை. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். போட்டு கரையில, ஆளு கட்டில்ல, கண்ணு போன்ல. பிள்ளை ஒரு தடவை சிணுங்குறதுக்குள்ள அதுல நாலு வியாதியைக் கண்டுபிடிச்சுச் சொல்லிப்பிடுறாரு.

ஆனா அந்தப் போன்ல ஒரு நல்ல சேதியும் வந்துச்சு, கேளு. 1839-ல இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேத்து 5,016 சாவுக்குப் பல்லு முளைச்சதுதான் காரணம்னு சர்க்கார் கணக்குலயே எழுதி வச்சாகளாம். பிள்ளை பேதியில போனாலும் பல்லு, சளியில போனாலும் பல்லு. பல்லா வந்து நான் இல்லேன்னு சாட்சி சொல்லப் போகுது? கத்தியை எடுத்து ஈறைக் கீறிவிட்ட வைத்தியரும் இருந்திருக்காக. பாதரசம் கலந்த பொடியைப் பல்லு முளைக்கிற பிள்ளைக்குன்னே வித்து, பிள்ளைக கையும் காலும் சிவந்து தோலுரிஞ்ச பிறகு, 1954 வாக்குலதான் அதை நிறுத்தினாக. கிரைப் வாட்டர் மட்டும் என்ன வாழுது! 1851-ல வில்லியம் உட்வர்டுங்கிறவர் ஆரம்பிச்சு வச்ச அந்த மருந்துல, அந்தக் காலத்துல சாராயமும் சேந்திருந்துச்சாம். பிள்ளை ஏன் சொக்கிச் சொக்கித் தூங்குச்சுன்னு இப்பத்தான் வெளங்குது. நாங்க அதுக்குத் தங்கச்சிமடம் கடைவீதிக்கு ராத்திரியில ஒளிஞ்சு ஒளிஞ்சு போனோம். வெள்ளைக்காரன் பிள்ளைக்குத் தொட்டில்லயே குடுத்திருக்கான்.

சரி, விசயத்துக்கு வாறேன். ஆம்பளைக்கு இதுல என்ன தெரியும்னு நீ மனசுக்குள்ள சொல்றது எனக்குக் கேக்குது. சங்கு குளிச்சவனுக்குக் காது மந்தம்னு நம்பாத.

ஆறாம் மாசத்தை ஒட்டி கீழ முன்னால ரெண்டு பல்லு வரும். சில பிள்ளைக்கு நாலுலயே வரும், சிலதுக்கு வருசம் ஆகும். மொத்தம் 20 பால் பல்லு, முளைச்சு முடியறதுக்கு மூணு வயசு வரைக்கும் கூட ஆகும். முதல் ரெண்டுக்கே வீட்டைத் தலைகீழாக் கவுத்தா மிச்சம் 18-க்கு எங்கிட்டுப் போவீக?

ஈறு வீங்கிக் கிடக்கும்போது சப்புனா வலிக்கும். பசி இழுக்குது, வலி தள்ளுது, அதான் மாருல வாயை வச்சதும் திமிறுறான். அதோட இன்னொண்ணு. முந்தாநாள் அவன் கடிச்சதும் நீ போட்ட சத்தம் பாம்பன் பாலத்துல போன ரயிலுக்கே கேட்டிருக்கும். பயந்துட்டான் பிள்ளை. கடிச்சா கத்தாத. சுண்டு விரலை வாயோரமா விட்டு மெதுவா எடுத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுக் குடு. கடிச்சா கடை மூடிரும்னு அவனே படிச்சுக்குவான்.

குடுக்கிறதுக்கு முன்னால கையை நல்லாக் கழுவிட்டு விரலால ஈறைத் தேய்ச்சு விடு. சுத்தமான துணியை நனைச்சுக் குளிர வச்சுக் கடிக்கக் குடு. மரத்துப்போற களிம்பு எதையும் வாங்கியாரச் சொல்லாத. ரெண்டு வயசுக்குள்ள அது ஆகாதுன்னு அமெரிக்காவுல 2018-லயே எச்சரிச்சிருக்காகளாம். தேனும் வேண்டாம், ஒரு வயசு முடியட்டும். வசம்பு மணியைக் கையில கட்டி அழகு பாக்குறாக ஒம் மாமியா. அந்த மணி அறுந்து தொண்டைக்குள்ள போனா அழகு பாக்க ஆளு இருக்காது, கழட்டி வை.

அப்புறம் நேரம். பட்டப்பகல்ல, டிவி அலற, பக்கத்து வீட்டுக்காரி உத்துப் பாக்கக் குடுத்தா நான்கூடக் குடிக்க மாட்டேன். இருட்டுன அறையில, அரைத் தூக்கத்துல இருக்கும்போது குடு. அப்பவும் மறுத்தா மல்லுக்கட்டாத. பாலைப் பீய்ச்சி எடு, இல்லேன்னா ஒனக்குப் பால் கட்டிக்கும், அப்புறம் நீ போடுற சத்தம் இலங்கைக்கே கேக்கும். எடுத்த பாலைச் சங்குல குடு.

அதென்ன, சங்குன்னதும் சிரிக்கிற? இந்தக் கடல்ல நாங்க மூச்சடக்கி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாச்சு. சின்னச் சங்கு ஒண்ணு ரெண்டு நம்ம வீட்லயே பால் சங்கா நின்னுச்சு. பட்டினத்தார் கணக்குல மனுசனுக்கு மூணு சங்கு, முதச் சங்கு பால் புகட்டுறது. ரெண்டாவது சங்கு ஊதி ஒன்னை மாப்பிள்ளை தலையில கட்டினோம். மூணாவதை எனக்கு ஊத ஒம் மாமியா ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்காக. இப்ப எவர்சில்வர்லயே சங்கு வருது. ஒவ்வொரு வேளையும் சங்கைக் கொதிக்க வச்சிட்டு, பிள்ளையைத் தலை நிமித்தி உக்கார வச்சு, உதட்டோரமா வையி. அவனா நக்கிக் குடிக்கணும். மூக்கைப் பிடிச்சு ஊத்துற வித்தையை யாராவது காட்டினா, முதல்ல அவுக மூக்கைப் பிடி. புரையேறி நெஞ்சுக்குள்ள போயிரும்.

ஆறு மாசம் முடிஞ்சவன்தானே, கூழு, மசிச்ச வாழைப்பழம், குளிர வச்ச தயிருன்னு குடுக்கலாம். நுங்கு வந்திருச்சு, சாயல்குடிப் பக்கத்து நுங்கு இளசா வாங்கி, நல்லா மசிச்சு, குளுகுளுன்னு ஒரு கரண்டி குடு. முழுசாக் குடுத்தா வழுக்கிரும், சாக்கிரதை.

ஒனக்குப் பால் வத்திப்போச்சுன்னு சுறாப் புட்டு கிண்டச் சொன்னாகளாமே. பால் இருக்கு தாயி, வாங்குற ஆளுதான் வரலை. இருந்தாலும் கிண்டச் சொல்லு. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், வள்ளத்துக்கு இல்லை. தேடுனா பால்சுறா கிடைக்கும். நீ ஒரு வாய் தின்னு, மிச்சத்தை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும்.

இனிச் சொல்றதுல விளையாட்டில்லை. பல்லு முளைச்சா எச்சி ஒழுகும், சிணுங்கும், ஒடம்பு லேசாக் கதகதங்கும். காச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, பேதி, வாந்தின்னு போனாலோ அது பல்லு இல்லை. நீ குடுத்த நோயெதிர்ப்புச் சக்தி இந்த வயசுலதான் குறையுது, அதே வயசுலதான் தரையில கிடக்குறதெல்லாம் வாய்க்குப் போகுது. ரெண்டும் ஒண்ணா வாறதால பல்லு மாட்டிக்கிது. பேதின்னா ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுத்துக்கிட்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போ. துத்தநாக மாத்திரை தந்தா, பேதி நின்னாலும் சொன்ன 14 நாளும் குடு. ஆறு மணி நேரமா மூத்திரம் போகலை, அழுதா கண்ணீர் வரலை, கண்ணு உள்ள போயிருச்சு, பிள்ளை துவண்டு கிடக்குன்னா 108-க்குப் போன் போடு. மாப்பிள்ளை கையில இருக்கிற அதே போன்தான், அதுல பேசவும் செய்யலாம்.

ராகு காலம், எமகண்டம்னு யாராவது வாசப்படியில குறுக்க நின்னா என்கிட்ட அனுப்பி வையி. ஒம் மாமியாளோட சண்டை போட்டு எனக்கும் ரொம்ப நாளாச்சு, வாயெல்லாம் அரிச்சுக்கிட்டு வருது.