சன்னலோர முகம்: உடுமலை–மூணாறு பேருந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உடுமலையிலிருந்து மூணாறு போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் பிடிப்பவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. பகலெல்லாம் மலையைக் காட்டிய கண்ணாடி, பொழுது சாய்ந்ததும் பார்ப்பவர் மூஞ்சியையே காட்டுகிறது. கண்ணாடி கட்சி மாறிவிட்டது என்பதே இதுவரை நிலவும் கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது.

பழைய கேரளப் பேருந்துகளை ஆய்விலிருந்து விலக்க நேர்ந்தது. அவற்றின் சன்னலில் மழைக்கு இறக்கிவிடும் தார்ப்பாய்ச் சுருள்தான் உண்டு. தார்ப்பாயில் எவர் முகமும் தெரிந்ததாகத் தகவல் இல்லை.

இந்தச் சாலையில் தமிழ்நாட்டுக்கு ஒன்பதாறு, கேரளத்துக்குச் சின்னாறு என இரண்டு சோதனைச்சாவடிகள். கண்ணாடிக்கும் அப்படியே: ஒளி உள்ளே நுழையும் பரப்பில் ஒன்று, வெளியேறும் பரப்பில் ஒன்று. நேராக வரும் ஒளியில் ஒவ்வொன்றும் 100க்கு 4 வீதம் திருப்பி அனுப்பும். ஆக, ஏறத்தாழ 8 திரும்பும், 92 கடந்துபோகும். சாய்ந்து வந்தால் திரும்புவது கூடும். கண்ணாடியை உரசிக்கொண்டு வந்தால் அநேகமாக எல்லாமே திரும்பும். (பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தபோது இவ்விதி செல்லுபடியாகவில்லை.) சாவடி இரண்டு என்பதற்குச் சான்று வேண்டுவோர் உற்றுப் பார்க்கலாம், மூக்கு இரட்டையாகத் தெரியும்.

1820களில் இந்தக் கணக்கைப் போட்ட பிரெனெல், பிழைப்புக்கு பிரான்ஸில் சாலைப் பொறியாளராக இருந்தவர். மறையூர்ச் சாலையில் வந்திருந்தால் ஒளியை விட்டுவிட்டு வளைவுகளை எண்ணியிருப்பார்.

ஆகவே பட்டப்பகலிலும் என் முகம் கண்ணாடியில் இருந்துகொண்டேதான் இருந்தது. வெளியே அடித்த வெயிலின் முன் அந்த 8 பங்கு எடுபடவில்லை, அவ்வளவே. மறையூர் தாண்டித் தலையாற்றுத் தேயிலை இருட்டில் மறைந்து, வண்டிக்குள் விளக்கும் எரிந்ததும், போட்டியாளர் இல்லாத் தேர்தலில் போல முகம் ஜெயித்துவிட்டது. ஓட்டுநர்கள் இதைப் படிக்காமலே அறிந்தவர்கள். "முன்னாடி லைட்டை அணைப்பா" என்று நடத்துநரிடம் சொல்வது சிக்கனத்துக்காக அல்ல. முன்கண்ணாடியில் நம் தலைகள் தெரிந்தால் அவருக்குச் சாலை தெரியாது.

சோதனைக்காக, இரு கைகளையும் கண்ணோரம் குவித்துக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தேன். உள்விளக்கு மறைந்தது, வெளியே ஒரு நிறுத்தம் தெரிந்தது. டீ கிளாஸோடு நாலு பேர் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றதிலிருந்து அதுவரை நான் அதே கண்ணாடியில் மீசையை ஒதுக்கி, பல்லிடுக்கையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 92 பங்கு அவர்கள் பக்கம் போயிருந்தது.