போகலாம்னு இருக்கேன்

நம்மவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ இரண்டு பெட்ரூம் ஃபிளாட், சோழிங்கநல்லூரில் வேலை, சம்பளத்தில் பாதி இ.எம்.ஐ.க்கு. “லீவுக்கு எங்க சார்?” என்று யாராவது வாயைக் கொடுத்தால் போதும், “வால்பாறை போகலாம்னு இருக்கேன்” என்பார். இது போன வருடத்துப் பதில். அதற்கு முந்தைய வருடம் கொல்லிமலை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70 என்பது அவருக்கு மனப்பாடம். அவருடைய கார் இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் கத்திப்பாரா மேம்பாலம்.

சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பயணத்துக்காக அவர் படும் பாட்டை, போய் வந்தவர்கள் யாரும் பட்டதில்லை. ரயில் டிக்கெட் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்களே, ஊரில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. நம்மவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான்கு மாதம் அனுபவிக்க வேண்டிய பயணம் இரண்டு மாதமாகச் சுருங்கிவிட்டதல்லவா?

காலை எட்டு மணிக்கு புக்கிங் திறக்கும். 7.50க்கே மனிதர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பயணிகள் பெயர், வயது, லோயர் பர்த் விருப்பம் எல்லாம் முன்கூட்டியே பதிந்தாயிற்று. அடுப்பில் குக்கர் ஐந்தாவது விசில் அடிக்கும். “ஏங்க, அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க!” என்று பாத்ரூமிலிருந்து குரல் வரும். “இரும்மா, ஓடிபி வருது!” எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு டிக்கெட் கன்ஃபர்ம். அன்றைக்கு இட்லி குழைந்திருந்தாலும், சாம்பாரில் பருப்பு காணாமல் போயிருந்தாலும் முகத்தில் சிரிப்பு மாறாது. அதற்குப் பிறகு அறுபது நாளும் வீட்டில் பயணம்தான்.

ஐம்பத்தெட்டாவது நாள் வாக்கில் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். மேனேஜரிடம் லீவு கேட்பார், அவர் கொடுக்க மாட்டார். மச்சான் பையனுக்குக் காதுகுத்து என்று போன் வரும். அதுவும் இல்லாவிட்டால் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாவது உருவாகும். டிக்கெட்டை ரத்து செய்வார். இந்திய ரயில்வே இவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சம்பாதித்ததைவிட ஏற்றாமல் சம்பாதித்தது அதிகம். பஸ்ஸிலாவது போகலாமே என்றால், “2023 கடைசில கிளாம்பாக்கம் ஸ்டாண்ட் திறந்தாங்க பாருங்க, அங்க போய்ச் சேர்றதுக்கே தனியா ஒரு லீவு போடணும்” என்பார்.

வீட்டில் பெரிய டிராலி பெட்டி ஒன்று இருக்கிறது. நாலு சக்கரம், எந்தப் பக்கமும் திரும்பும், நம்பர் பூட்டு. ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. இப்போது பரணில் கொலு பொம்மைகளோடு இருக்கிறது. தசாவதார செட், செட்டியார், செட்டியாரம்மா, பழைய தினத்தந்தியில் சுற்றிய மரப்பாச்சி எல்லாரும் அதற்குள்ளே சௌகரியமாகப் படுத்திருக்கிறார்கள். நவராத்திரிக்கு ஒருமுறை அது இறங்கும், ஹாலின் குறுக்கே இரண்டு மீட்டர் உருளும், ஏறிவிடும். கூடவே வாங்கிய கழுத்துத் தலையணை மட்டும் தினமும் பயணம் போகிறது. ஆபீஸ் பஸ்ஸில், பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் சிக்னல் வரை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையில் அந்தத் தலையணை இல்லாமல் தலை நிற்காது என்று டாக்டரைப்போலச் சொல்வார்.

சினிமா விஷயத்திலும் மனிதர் இதே கதைதான். ‘கில்லி’ 2004 ஏப்ரலில் வந்தபோது அவருக்கு செமஸ்டர் பரீட்சை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். வேறு யாருக்கும் கிடைக்காத யோகம், அந்த ‘அப்புறம்’ உண்மையிலேயே வந்தது. 2024 ஏப்ரலில், சரியாக இருபது வருடம் கழித்து, படத்தை மறுபடி தியேட்டரில் வெளியிட்டார்கள். முதல் தடவை வந்தபோது பிறக்கவே செய்யாத பிள்ளைகளெல்லாம் திரைக்கு முன்னால் ஏறி ஆடினார்கள். நம்மவர், “கூட்டம் குறையட்டும், ரெண்டு வாரம் ஓடும்ல” என்றார். ஓடத்தான் செய்தது. அவரும் ஓடிக்கொண்டிருந்தார், ஆபீசுக்கு. டி.வி.யில் அவர் அந்தப் படத்தை நடுவிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார். எப்படி ஆரம்பிக்கும் என்பதுதான் தெரியாது.

‘மெய்யழகன்’ வந்தபோது நீளம் ஜாஸ்தி என்று கேள்விப்பட்டுத் தள்ளிப்போட்டார். வெளியாகிச் சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். “பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்!” என்று மனைவியிடம் ஜெயித்த முகத்தோடு வந்தார்.

“சரி, இப்பவாவது போலாம்ல?”

“வெட்டுன படத்தக் காசு கொடுத்து யாராவது பாப்பாங்களா?”

இதற்கு அந்த அம்மா பதில் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டார். பதில் சொல்லும் பருவத்தை அவர் எப்போதோ கடந்துவிட்டார்.

தியேட்டருக்குப் போனால் என்ன செலவாகும் என்பதற்கு நம்மவரிடம் ஒரு கணக்கு உண்டு. நாலு பேருக்கு டிக்கெட், ஆன்லைனில் எடுத்தால் அதற்கு மேலே ஒரு கட்டணம், டிக்கெட்டைவிட விலை கூடிய பாப்கார்ன், மணிக்கணக்கில் ஏறும் மால் பார்க்கிங். கூட்டிப் பார்த்துவிட்டு, “நாலு வாரத்துல ஓ.டி.டி.ல வந்துடும்” என்று தீர்ப்பு சொல்வார். நாலு வாரத்தில் வந்தும்விடும். வந்ததும் வாட்ச் லிஸ்டில் சேர்த்துவிட்டு, படம் பார்த்த திருப்தியோடு தூங்கப் போவார். அதனால் மறுநாள் கேன்டீனில் விமர்சனம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப்ல லேக் இருக்கு.” இந்த ஒரு வரி எந்தத் தமிழ்ப் படத்துக்கும் பொருந்தும் என்பதால் இதுவரை அவரை யாரும் மடக்கியதில்லை.

நான் கேலி செய்கிறேனே தவிர, குற்றாலமோ கொடைக்கானலோ போவதென்றால் முதல் போன் அவருக்குத்தான் போடுவேன். எங்கள் பிளாக்கில் எல்லாரும் அப்படித்தான். சீசன் எப்போது, எந்த ரயில், எங்கே இறங்கினால் ஆட்டோக்காரர் நியாயமாகக் கேட்பார் என்று வரிசையாகச் சொல்லுவார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் கட்டாயமானதே, பிளாக்கில் அதை முதலில் எடுத்தவர் அவர். அந்தத் தடவையும் போகவில்லை. ஆனால் அரசாங்கக் கணக்குப்படி அவர் ஊட்டிக்கு அனுமதி பெற்றவர். போய் வந்தவர்கள் போட்டோ அனுப்பினால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நீங்க வலது பக்கம் உக்காந்துட்டீங்க சார். மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஏறும்போது வியூ எல்லாம் இடது பக்கம்” என்று வருத்தப்படுவார். நேரில் போனவரின் முகம்தான் அப்போது தொங்கிப்போகும்.

மலை ரயில் என்றால் அவருக்கு உயிர். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வார். மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும் என்று கேட்டு வெளியூர்க்காரர்கள் வாய் பிளப்பார்கள். மழை நாளில் பழைய மகாபலிபுரம் சாலையில் போய் வருகிறவருக்கு அது எக்ஸ்பிரஸ் வண்டி.

கடைசியில் போன காலாண்டு விடுமுறைக்கு எல்லாம் கூடி வந்தது. நீலகிரி எக்ஸ்பிரஸில் நாலு பர்த், மலை ரயிலில் நாலு சீட், அதுவும் இடது பக்கம். எக்செல்லில் திட்டம் தயாரித்து, எட்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார். கொலு பொம்மைகள்கூட அட்டைப்பெட்டிக்கு மாறிவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை ஆபீசில் ரிலீஸ் என்றார்கள். சினிமா ரிலீஸ் இல்லை, சாஃப்ட்வேர். சனிக்கிழமை காலை ஆள் இருந்தே ஆக வேண்டும். இந்த முறை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் அம்மாவை நாலாவது சீட்டுக்குத் தயார் செய்துவிட்டு, பிள்ளைகளோடு சென்ட்ரலுக்கு ஆட்டோ பிடித்தார்.

மறுநாள் காலை எட்டரை மணி இருக்கும். சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடி, ஏசி குளிர், கழுத்தில் அந்தத் தலையணை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நம்மவர் போன் போட்டார்.

“இப்ப ஹில்குரோவ் வந்திருக்கும். இன்ஜினுக்குத் தண்ணி புடிப்பாங்க. பையெல்லாம் மடியில வெச்சுக்க, குரங்கு வரும்.”

“வந்துச்சுங்க. புடுங்கிட்டும் போயிடுச்சு.”

“அய்யோ, எத? பிஸ்கட் பாக்கெட்டா?”

“உங்க பிரிண்ட் அவுட்ட. மேல உக்காந்து ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பாக்குது.”

நம்மவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

“நாலாவது பக்கத்துல ஹோட்டல் நம்பர் இருக்கு, அதக் கிழிக்குதான்னு மட்டும் பாரு. நான் மெயில்ல அனுப்பறேன்.”