கோமாளிகளுக்கும் ஒரு கமிட்டி

1794-ல் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்தபோது சண்டையே நடக்கவில்லை. நகரத்துச் சாவியை மரியாதையாகக் கையில் கொடுத்து உள்ளே விட்டுவிட்டார்கள். ஊர்க்காவலுக்குச் சிவப்புச் சட்டை போட்ட ஒரு படை இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளம் பற்றாமல் காவல் நேரத்தில் காலுறை பின்னியவர்கள் என்றுதான் அவர்களைப் பற்றிக் கதை சொல்வார்கள். ஊசியை வைத்துவிட்டு வாளை எடுப்பதற்குள் ஆட்சியே மாறிவிட்டது, பாவம்.

சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கிக்கொண்டு வந்தவர்கள் மறு வருஷமே கார்னிவலுக்குத் தடை போட்டார்கள். தவக்காலத்துக்கு முன் வயிறு முட்டத் தின்று, குடித்து, முகமூடி மாட்டித் தெருவில் ஆடிப் பழகிய கத்தோலிக்க ஊர் அது. 1804-ல்தான் தடை நீங்கியது.

1815-ல் பிரெஞ்சுக்காரர்கள் போய் பிரஷ்ய ஆட்சி வந்தது. புராட்டஸ்டண்ட் அதிகாரிகள், எதற்கெடுத்தாலும் அணிவகுப்பு. கொலோன்காரர்கள் கலகம் செய்யவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார்கள். 1823-ல் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, கூத்தை ஒழுங்குபடுத்த ஒரு கமிட்டி போட்டார்கள்! பிப்ரவரி 10, திங்கட்கிழமை, முதல் ஊர்வலம். அதே வருஷம் அந்தக் காலுறைப் படைக்கும் உயிர் வந்தது. 'சிவப்புப் பொறிகள்' என்ற பெயரில், மரத் துப்பாக்கியின் குழலில் பூச்செண்டு செருகி அணிவகுத்தார்கள். கட்டளை வந்ததும் இரண்டு இரண்டு பேராக முதுகு காட்டி நின்று, பின்புறத்தோடு பின்புறம் உரசி ஆடுவார்கள். பிரஷ்ய ராணுவத்துக்கு இதைவிடப் பச்சையான வணக்கம் கிடையாது.

கேலி செய்யப் போட்ட உடுப்பு நாளடைவில் கௌரவ உடுப்பாகிவிட்டது. பதவி, பதக்கம், தலைவர் என்று இன்று அசல் படைக்குக் குறையாத மிடுக்கு.

நாஜிகள் காலத்துக் கதையைக் கொலோன்காரர்கள் சொன்னால் 1935-லிருந்து தொடங்குவார்கள். கார்னிவலைக் கட்சி அமைப்பு விழுங்கப் பார்த்தது, நம் சங்கங்கள் விடவில்லை என்று மார்தட்டுவார்கள். உண்மைதான், சங்கத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் முந்தின வருஷ ஊர்வலத்திலேயே ஊரைவிட்டு ஓடும் யூதர்களை நையாண்டி செய்து ஒரு வண்டி போயிற்று. அதற்கு எந்தச் சங்கமும் கலகம் செய்யவில்லை. கட்சி வேஷத்திலும் கை வைத்தது. கார்னிவலின் மூன்று தலைவர்களில் இளவரசன், குடியானவன் போக மூன்றாவது கன்னிப்பெண். அந்த வேஷத்தை மீசை மழித்த ஓர் ஆண்தான் கட்டுவது வழக்கம். ஆண் பாவாடை கட்டுவதைக் கட்சி பொறுக்காததால் 1938-லும் 1939-லும் நிஜப் பெண்களே வந்தார்கள். போர் முடிந்ததும் பாவாடை பழையபடி ஆண்களிடம் வந்துவிட்டது.

1991-ல் வளைகுடாப் போர். ஊர்வலம் ரத்து என்று கமிட்டி அறிவித்தது. யாரையும் கேட்காமல் ஜனங்கள் வேஷம் கட்டித் தெருவில் இறங்கி நடந்தார்கள். கமிட்டியே இல்லாத ஊர்வலம்! அதிலிருந்து பிறந்ததுதான் இரவில் போகும் 'பேய் ஊர்வலம்'. அதை இப்போது முறைப்படி பதிவு செய்த ஒரு சங்கம் நடத்துகிறது.