கூத்துக் களரியிற் குற்றங்காணல்: ஒரு சாஸ்திர விசாரம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் வேளாண்மை வெட்டி ஓய்ந்த காலத்து இரவுகளில் நடைபெறும் கூத்துப் பழக்கத்தை நாட்டியமாகவும் சங்கீதமாகவும் சடங்காகவும் அறிஞர் பலர் ஆராய்ந்திருக்க, ஆடுகளமாகிய களரியில் ஒருவன் ஆட்டத்திலே மற்றொருவன் குற்றங்காணும் கலையை ஒரு சாஸ்திரமாக வகுக்க எவரும் முன்வராமையே இக்கட்டுரை தோன்றியதற்கு ஹேது.

ஆடுவோர்க்கு அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டங் கொடுத்த நாள் தொட்டுச் சதங்கை அணியும் நாள் வரை குற்றங்காணும் அதிகாரம் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவருக்கே உரியது. அவரோ வாய்திறந்து கண்டிப்பவரல்லர். ஆடுபவனின் கால் தாளக்கட்டைத் தவறவிட்ட கணத்திலே மத்தளத்தை நிறுத்திவிடுவார். அந்த மௌனத்தில் உயர்த்திய கால் உயர்த்தியபடியே நிற்க, தன் பிழையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் அவஸ்தைக்கு ஈடான போதனா முறை எந்தக் கலை வகுப்பிலும் இல்லையென்பது எம் துணிபு.

சதங்கை அணிந்தபின் இவ்வதிகாரம் ஊர்ப் பொதுச்சொத்தாகிறது. முற்காலத்தில் அதே வேஷங் கட்டிய முதியவர், இளைஞனை விமரிசிப்பதாகத் தொடங்கித் தம் வாலிபத்தைப் புகழ்ந்து முடிப்பார். தாய்மாமன் மட்டுமே பிரயோசனமாகப் பேசுபவர்: “மனே, பாட்டு நல்லம், காலைத்தான் ஒருக்காப் பார்த்துக்கொள்” என்று, மருந்துக்கு முன் சர்க்கரை கொடுப்பவராய் உரைப்பார்.

கேட்பவன் தரப்பு வாதங்களோ நான்கு: மத்தளம் பிந்தியது, சல்லரி முந்தியது, பிற்பாட்டுக்காரர் இழுத்துவிட்டார், பனியில் தொண்டை கட்டிற்று. இவற்றைத் தர்க்கத்தால் வெல்ல முயல்வது வீண். வாய் எதை மறுத்தாலும், மறுநாளிரவு அதே அடியில் கால் திருந்தியிருப்பின், விமரிசனம் ஏற்கப்பட்டதென்று கொள்க.

கூத்து முழுமைக்குமே ஒரு விமரிசனம் நேர்ந்ததுண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடியவிடிய ஆடப்பெறும் கூத்தைச் சில நாழிகைகளுக்குள் சுருக்கி, வட்டக்களரியினின்று படச்சட்ட மேடைக்கு ஏற்றி, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடச்செய்தார். அதனாற் கூத்து நகரத்தாரின் மதிப்பைப் பெற்றதென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நீளத்தைக் குற்றமென்று கொள்ள எமக்கு மனமில்லை. நடுச்சாமத்திலே எழுந்துபோய்க் கச்சான் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பட்ட உறவினரோடு கலியாணமொன்றும் பேசி முடித்துத் திரும்பினாலும், யுத்தத்துக்குப் புறப்பட்ட அரசன் இன்னும் புறப்பட்டுக்கொண்டேயிருப்பது ரசிகர்பால் கூத்து காட்டும் கருணையன்றோ!

விமரிசனத்துக்குக் கால எல்லையுமுண்டு. அடுக்குப் பார்த்தலே இறுதித் தவணை. அன்றிரவு கூத்து முழுவதும் ஒழுங்காக ஆடிப் பார்க்கப்படுவதால், ஆட்சேபங்கள் அனைத்தும் அங்கேயே தாக்கல் செய்யப்படல் வேண்டும். அரங்கேற்றத்தன்று பிழை கண்டவன் அதைத் தன்னோடு வைத்துக்கொள்வதே சம்பிரதாயம். ஆகையால், படுவான்கரைக்குக் கூத்துப் பார்க்கச் செல்லும் வாசகர் அரங்கேற்ற இரவில் வெகுமதியை மட்டும் கையில் எடுத்துச்செல்க. அபிப்பிராயத்தை அடுத்த ஆண்டு அடுக்குக்கு ஒத்திவைக்க.