கழுத்துத் திருப்பமும் விண்கல் இழப்பும்: ஓர் ஆய்வு

டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் விண்கல் மழை பார்க்க ஜவ்வாது மலைப் பக்கம் கூடும் வானியல் ஆர்வலர்களிடையே ஒரு தொற்று காணப்படுகிறது. ஒருவர் "அதோ!" என்று கூவுகிறார். அத்தனை பேரும் அந்தத் திசைக்குத் திரும்புகிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை. விடியும்வரை இதுவே நடக்கிறது.

காரணத்தை ஆராய்வோம். பேத்தான் என்னும் சிறுகோள் உதிர்த்த துகள் விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் நுழைந்து, பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் எரிந்து தீர்கிறது. கூவுவதற்கு ஒரு விநாடி, "எங்கே?" என்று கேட்க ஒரு விநாடி, கழுத்து திரும்ப இன்னொன்று. ஆகவே பிறர் சொல்லி எரிகல்லைப் பார்த்தவர் எவருமில்லை என்பது தேற்றம். (நின்று எரியும் பெருந்தீக்கோளங்கள் விலக்கு.) கழுத்து கைவிட்ட திசையில் இதற்குள் வேறொன்று விழுந்துவிடுகிறது என்பது துணைத்தேற்றம். கூவியவரும் தப்புவதில்லை, அவர் விரலை நீட்டி, அது எவ்வளவு நீளம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நூல்கள் தரும் 'மணிக்கு நூற்றுக்கு மேல்' என்ற கணக்கு, மாசற்ற இருளையும் எரிகற்கள் கிளம்புவதுபோல் தோன்றும் பொழிவு மையம் நேர் உச்சியில் இருப்பதையும் அனுமானிக்கிறது. அந்தச் சூத்திரத்தில் மேகம் மறைக்கும் பகுதிக்குத் திருத்தம் உண்டு. கழுத்துக்கு இல்லை.

தீர்வு குறித்து அறிஞர்கள் இரு கட்சி. பாய்க் கட்சியார் மல்லாந்து படுத்தால் கழுத்துக்கே வேலையில்லை என்பர். உண்மைதான், ஆனால் மையம் உச்சியை நெருங்கும் பின்னிரவு இரண்டு மணிக்கு அக்கட்சியில் விழித்திருப்போர் அரிது. நாற்காலிக் கட்சியார் தூங்குவதில்லை, மறுநாள் தைலம் தேடுகிறார்கள். நேரம் பார்க்கக் கைபேசியைத் திறந்து, இருபது முப்பது நிமிடம் இருட்டுக்குப் பழகிய கண்களை ஒரே நொடியில் கெடுப்பவர் இரு கட்சியிலும் உண்டு. அவரை ஆய்வாளர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

எரிநட்சத்திரம் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார் என்பார்கள் பாட்டிமார். விண்கல் மழை இரவில் அதைக் கடைப்பிடிப்பவர் மரங்களை மட்டுமே பார்ப்பார்.

எஞ்சிய வழி ஒன்றே: கண்டவர் வாய் திறக்காமல் தாளில் கோடு போட்டுக்கொள்வது. கூட்டத்தில் இதை முன்மொழிந்ததும் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த கல் விழும்வரை அமலிலும் இருந்தது.