ஓசிப் புகைக்கு நன்றி

பெறுநர்:
நிர்வாகத்தார் அவர்கள்,
எங்கள் அலுவலகக் கட்டடம், சென்னை.

பொருள்: மாடிதோறும் இலவசப் புகை வழங்கல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

வாழ்நாளில் ஒரு சிகரெட்கூட வாங்காத என்னையும் புகைப்பவனாக்கிய தங்கள் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி. முதல் மாடிப் படிக்கட்டில் நாலு பேர் பற்றவைத்தால் மொட்டைமாடி வரைக்கும் பங்கு வந்துவிடுகிறது. தீப்பிடித்தால் நாங்கள் தப்பிக்க வேண்டிய படிக்கட்டும் அதுதான். புகைக்குள் இறங்கி இப்போதே பழகிவிட்டோம். தங்களுக்கு ஒத்திகைச் செலவு மிச்சம்.

அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. இத்தனையையும் காசு வாங்காமல் யார் தருவார்கள்?

முறையிட்டபோது, "ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்கிறேன்" என்றீர்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும். 1 மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகளுக்கு மரியாதையாக வழிவிடும். சூடாக வந்த புகை இப்போது ஜில்லென்று கிடைக்கிறது. மல்லிகை ஸ்பிரே அடித்த பிறகு மணமாகவும் கிடைக்கிறது.

பணியிடங்களிலும் புகைக்கத் தடை என்ற விதி 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. காந்தி பிறந்தநாளை மதித்துத் தாங்களும் பலகை மாட்டினீர்கள். அதன் கீழேயே சாம்பல் கிண்ணம் வைத்தீர்கள். கிண்ணம் வைக்கவே கூடாது என்கிறது அதே விதி. புகார் பெறுபவரின் பெயர் பலகையில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டது தங்கள் முன்யோசனை: புகைப்பவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை, புகார் வந்தும் சும்மா இருக்கும் பொறுப்பாளருக்கோ ஒவ்வொரு குற்றத்துக்கும் கணக்குப் போட்டு அபராதம். பெயரே இல்லாவிட்டால் யாரைப் பிடிப்பது!

அடுத்து, புகைப்பவர்களுக்குத் தனியறை கட்டப்போவதாகக் கேள்வி. அந்தச் சலுகை 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ அமரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றுக்குத்தான். நாம் எப்போது விமான நிலையமானோம்?

ஏசி விற்பவர்களுக்கே தரம் வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2005-லேயே சொல்லிவிட்டது: உள்ளே புகைப்பதைத் தடுப்பது ஒன்றே வழி. ஆகவே ஐயா, செலவே வேண்டாம். கிண்ணத்தை எடுங்கள், பலகையில் தங்கள் பெயரை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓசியில் புகைக்கும் ஊழியன்